சப்போட்டா மரத்தில் கட்டிய அட்டை

நாமகிரிப்பேட்டை
11.02.2024

அன்புள்ள கோகிலாவுக்கு,

உன் அண்ணி சுகன்யா எழுதுகிறேன். இங்கே உன் அண்ணனும் நானும் சுகம். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் போனில்தான் கேட்டேன். "அது ஒண்ணுமில்லைங்க அண்ணி" என்று சிரித்தாய். உடனே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். போனில் சொன்னதை நாளைக்குச் சொல்லவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். எழுத்தில் சொன்னால் சொன்னதுதான். அதனால் எழுதிக் கேட்கிறேன், நீயும் எழுதியே பதில் சொல்.

பொங்கலுக்கு வந்தவள் வீட்டுக்குப் பின்னால் சப்போட்டா மரத்தில் ஓர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிட்டுப் போனாயே, அது என்ன? நீ வேலை பார்ப்பது கடலோரத்தில், அணு உலைக்குப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில். அங்கே அளக்க வேண்டியதை அங்கேயே அளக்காமல் எங்கள் வீட்டு மரத்தில் எதற்குக் கட்ட வேண்டும்? உன் அண்ணனைக் கேட்டால், "கோகிலா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். நீ கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

திருச்செங்கோட்டிலிருந்து நீரோட்டம் பார்க்க வருவாரே செல்லமுத்து, அவர் நம் கடைக்கு உரம் வாங்க வந்தபோது அந்த அட்டையைப் பார்த்தார். உலையில் மிஞ்சுகிற கழிவைப் புதைக்க மலையடிவாரத்தில் இடம் தேடுகிறார்களாம், அதற்கு முன்னால் இப்படித்தான் ஊர் ஊராக அட்டை கட்டுவார்களாம். நான் அவரை நம்பவில்லை. உன்னையும் முழுசாக நம்ப முடியவில்லை.

எனக்கு இது மூன்றாவது மாதம். போன தடவை கலைந்தது உனக்குத் தெரியும். இந்தத் தடவை ஒரு சின்ன விஷயத்தைக்கூட நான் கேட்காமல் விடுவதாக இல்லை.

சுகன்யா


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
19.02.2024

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத்திலேயே சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மரத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலும் அந்த மாதிரி அட்டைகளைக் கட்டுவது என் வேலைகளில் ஒன்று. உள்ளே மாத்திரை போல மூன்று வெள்ளை வில்லைகள் இருக்கும். சுற்றிலும் இருக்கிற கதிர்வீச்சை அவை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்துக் கழற்றி இங்கே கொண்டுவந்து சூடாக்கினால், வாங்கியதை வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த வெளிச்சத்தை எண்ணாக எழுதுவோம். அட்டை வாங்குமே தவிர, கட்டிய இடத்தில் எதையும் கொடுக்காது. அதனால் உங்களுக்கோ குழந்தைக்கோ ஒன்றும் ஆகாது.

உங்கள் வீட்டில் ஏன் கட்டினேன் என்று கேட்டீர்கள். மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு எல்லா ஊரிலும் உண்டு. உலைக்குச் சம்பந்தமே இல்லாத தூரத்து ஊரில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் உலைப் பக்கம் கூடியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும். தூரத்தில் எனக்குத் தெரிந்த வீடு நம் வீடுதான். யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பிக் கட்டினேன். கழிவு புதைக்க இடம் பார்ப்பதாகச் செல்லமுத்து சொன்னதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அட்டை இருக்கிற இடத்தைவிட்டு நகரக் கூடாது. சித்திரை பிறந்ததும் அண்ணனைக் கழற்றிக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் வளைகாப்புக்கு இப்போதே விடுப்பு சொல்லிவிட்டேன். நாத்தனார் போடும் முதல் வளையல் என்னுடையது.

கோகிலவாணி


நாமகிரிப்பேட்டை
20.04.2024

கோகிலாவுக்கு,

உன் அண்ணன் தன் கையாலேயே மரத்திலிருந்து கழற்றிக் கூரியரில் போட்டுவிட்டார். ரசீதை நான் வைத்திருக்கிறேன். வந்து சேர்ந்ததும் தெரிவி. எண் என்ன வந்தது என்பதையும் தெரிவி. எங்கள் வீட்டை அளந்துவிட்டு எங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

இனி அந்த அட்டை இங்கே வேண்டாம். புது அட்டை அனுப்பாதே.

சுகன்யா


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
14.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

எண் வந்துவிட்டது. சொல் என்று கேட்டவர் நீங்கள். மறைத்தேன் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டம் இல்லை. நம் வீட்டு அட்டையில் வந்திருப்பது உலை வேலியோரம் வந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

உடனே பயந்துவிடாதீர்கள். பாறை நிறைந்த ஊர், கொஞ்சம் கூடத்தான் வரும் என்று நானே எதிர்பார்த்தேன். இவ்வளவு வந்திருப்பதுதான் கணக்கில் சேரவில்லை. ஒரு மனிதருக்குக் கெடுதல் வரும் அளவுக்கு இது பக்கத்தில்கூட இல்லை. ஆனால் சப்போட்டா மரத்தடியில் இந்த எண் வர வழியே இல்லை. அதனால் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்: அட்டை மூன்று மாதமும் மரத்திலேயேதான் இருந்ததா?

இன்னொன்றும் என் மனதை அரிக்கிறது. என் மேலதிகாரியிடம் எண்ணைக் காட்டினேன். தூரத்து ஊரில் இப்படி வந்திருக்கிறதே என்று அவர் திடுக்கிடுவார் என்று பார்த்தேன். அவர் முகத்தில் கவலையே இல்லை. "நல்லா செக் பண்ணிட்டீங்கல்ல? அப்ப ரிப்போர்ட்ல சேர்த்துடலாம்" என்றார். அவருக்குக் கவலை இல்லாததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கோகிலவாணி


கெங்கவல்லி
23.05.2024

கோகிலவாணி அவர்களுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் எனக்கு இறங்கவில்லை. குழந்தை பிறக்கும்வரை நாமகிரிப்பேட்டைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் கடையையும் பார்க்க முடியாமல், என்னையும் விட முடியாமல் பஸ்ஸில் அலைகிறார்.

கிளம்பும் முன் செல்லமுத்துவை வரச் சொன்னேன். போர் போட நீரோட்டம் பார்க்கிறவர்தான், இப்போது கதிர்வீச்சு பார்க்கிற மீட்டர் ஒன்றும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறார். வீடு முழுக்கக் கொண்டு நடந்தார். எங்கே போனாலும் டிக் டிக் என்றது. கிணற்று மேடையில் கூடியது. உரக் குடோனுக்குள் போனதும் நிற்காமல் கத்தியது. "நெலத்துக்கு அடியில என்னமோ கெடக்குதுங்க" என்றார்.

நிலத்துக்கு அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொங்கலுக்கு வந்தபோது வீட்டில் இடம் இல்லை என்று உங்கள் பெட்டியையும் பையையும் எங்கே வைத்தீர்கள்? அந்தக் குடோனில்தான். அங்கே உலைக்குப் பக்கத்தில் புரண்ட பை. அதில் என்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? போன தடவை எனக்குக் கலைவதற்கு முன்னாலும் நீங்கள் இதே பையோடு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனீர்கள். இத்தனை நாள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

வளைகாப்புக்கு வர வேண்டாம்.

சுகன்யா


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
01.06.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதக் கூடாது என்று இருந்தேன். உடனே எழுதியிருந்தால் பிறகு அண்ணன் முகத்தில் முழிக்க முடியாதபடி எழுதியிருப்பேன். போன தடவை நடந்ததை என் பை மேல் போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் யார்? எழுதக் கை எப்படி வந்தது உங்களுக்கு?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பதில் சொல்லாத கேள்விக்கு அட்டையே பதில் சொல்லிவிட்டது. அதன் உறையைப் பிரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் இளஞ்சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. சப்போட்டா மரத்தில் சிவப்புத் தூள் ஏது? நம் கடையில் வளர்ந்த எனக்கு அந்த நிறம் தெரியாதா? பொட்டாஷ். மரவள்ளிக்கு மேலுரம் போடும் காலம், குடோனில் பொட்டாஷ் மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும்.

சந்தேகம் தீர இங்கே கடையில் ஒரு கிலோ பொட்டாஷ் வாங்கி, ஈயச் சுவர் வைத்த எங்கள் கருவிக்குள் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளும் அந்தக் கருவியில் தனக்கென்று உள்ள இடத்தில்தான் எழும்பும். உலையிலிருந்து வந்தால், உலையில் உண்டாகிற சீசியத்தின் இடத்தில் எழும்ப வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. பொட்டாசியத்தின் இடத்தில் மட்டும் எழும்பி நின்றது. பூமி உண்டான நாள் முதல் பொட்டாசியத்தில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. வாழைப்பழத்தில் உண்டு, இளநீரில் உண்டு, உங்கள் உடம்பில், என் உடம்பில் உண்டு. மூட்டை மூட்டையாக ஒரே இடத்தில் அடுக்கினால் மீட்டர் கத்தத்தான் செய்யும். செல்லமுத்துவின் மீட்டர் கத்தியதும் இதற்குத்தான்.

அட்டையை மரத்திலிருந்து எடுத்துக் குடோனில் வைத்தது யார்? நான் நகர்த்தக் கூடாது என்று எழுதியது எதற்கு?

அந்த மூட்டைகளால் கெடுதல் எதுவும் இல்லை. இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பினால் பிரசவம் ஆகும்வரை குடோனுக்குள் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டாம். தூசி ஆகாது.

கோகிலவாணி


கெங்கவல்லி
12.06.2024

கோகிலவாணிக்கு,

நான்தான் வைத்தேன். திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. நீ எழுதிய பதிலைப் படித்தும் மனசு ஆறாமல் மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் அட்டை இருக்கட்டும், செவ்வரளி வந்தால் வீட்டோடு ஆகாது. செவ்வரளி வந்தது. தூக்கி எறிந்தால் உன் அண்ணன் சத்தம் போடுவார், சர்க்கார் பொருள் வேறு. அதனால் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கிற குடோனில் மூட்டைச் சந்தில் சொருகி வைத்தேன். கூரியர் அனுப்பும் முந்தின நாள் எடுத்துப் பழையபடி மரத்தில் கட்டிவிட்டேன். அளக்கிற சாமான் எங்கே இருந்தாலும் அளக்கத்தானே போகிறது என்று நினைத்தேன். அது அங்கே இருப்பதை மட்டும்தான் அளக்கும் என்று நீ சொல்லவில்லை.

பொட்டாஷ் என்கிறாய். கெடுதலே இல்லை என்கிறாய். அதே கடிதத்தில் குடோனில் உட்காராதே என்கிறாய். கெடுதல் இல்லாததற்கு எதற்கு எழுந்து போக வேண்டும்? தூசி என்று நீ எழுதினாலும் எனக்கு அந்த வரி உறுத்துகிறது.

நீ அந்த இடத்தில் சம்பளம் வாங்குகிறவள். எங்கள் ஊரில் எண் கூட வந்தால் உங்கள் வேலியோரம் சுத்தமாகத் தெரியும். உன் மேலதிகாரி ஏன் கவலைப்படவில்லை என்று கேட்டாயே, அது எனக்கே விளங்குகிறது, படித்த உனக்கு விளங்காமல் போனதா? விளங்கியும் சும்மா இருக்கிறாயா?

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் இவ்வளவு சண்டை போட மாட்டேன், கழுதை எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இது என் ஒருத்தி விஷயம் இல்லை. வளைகாப்புக்கு வராதே.

சுகன்யா


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
20.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வளைகாப்புப் படங்களை அண்ணன் அனுப்பினார். ராஜம்மாள் சித்தி முதல் வளையல் போடுவதைப் பார்த்தேன். உங்கள் முகம் நன்றாக இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அட்டை எங்கே இருந்தது என்று உங்கள் கடிதத்தால் தெரிந்துவிட்டதல்லவா, மறுநாளே மேலதிகாரியிடம் போனேன். நாமகிரிப்பேட்டை எண் உரக் குடோனின் எண், ஊரின் எண் இல்லை, அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். அட்டையை முறைப்படி கட்டினீர்கள், முறைப்படி வந்தது, நடுவில் வீட்டில் நடந்ததெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குத் தேவையில்லை என்றார். எண் இருப்பதுபடியே இருக்கட்டும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் சந்தேகப்பட்டது இந்த ஓர் இடத்தில் சரிதான், அண்ணி. அந்த எண் அவருக்கு வசதியாக இருந்தது. வேலியோரம் உண்மையிலேயே கெடுதலாக எதுவும் வரவில்லை. பின்னே எதற்கு அவருக்கு இந்தப் பொய்த் துணை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எண் கெட்டுப்போனது, நான் தேர்ந்தெடுத்த இடத்தில் என் கவனக் குறைவால் கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருக்கும் மேலே இருப்பவருக்கு அனுப்பினேன். எண்ணை எடுத்துவிட்டார்கள். என்னையும் எடுத்துவிட்டார்கள். இனி ஊர் ஊராகப் போய் அட்டை கட்டும் வேலை எனக்கு இல்லை. மற்றவர்கள் கொண்டுவரும் புல்லையும் மீனையும் அளப்பதற்காகக் காயவைத்துச் சாம்பலாக்கும் அறையில் இருக்கிறேன். வெக்கை தாங்கவில்லை. சாயங்காலம் தலையைத் தட்டினால் சாம்பல் உதிர்கிறது.

உங்களிடம் பேர் வாங்குவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், பதில் சொன்னேன்.

தூசி என்று நான் எழுதியது தூசியைத்தான். வேறு எதுவும் மனதில் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகிலவாணி


கெங்கவல்லி
02.10.2024

அன்புள்ள கோகிலாவுக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். நானும் குழந்தையும் நலம். பிறந்த செய்தியை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உன் அண்ணனைத் தடுத்தவள் நான்தான், அவர்மேல் கோபப்படாதே. தடுத்தும் அவர் எனக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்லியிருப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

போன மாதம் நாமக்கல்லில் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உன்னைப் பார்க்க வந்தாராம். இப்போதுதான் சொன்னார். வாசலில் கூப்பிட்டு அனுப்பியதும் புருவமெல்லாம் சாம்பலாக வந்து நின்றாயாம். "எடுத்த எண்ணு பொய்யின்னு சொல்லி வேலையக் கெடுத்துக்கிட்டவ, உன்கிட்டப் பொய் சொல்லி என்னத்தைக் கட்டிக்கப் போறா?" என்று கேட்டார்.

சந்தேகம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். குழந்தை தும்மினால்கூடக் குடோன் ஞாபகம் வருகிறது. உன் பை ஞாபகமும் வருகிறது. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் போன பிறகு நான் மறுபடியும் குழந்தையின் விரல்களை எண்ணினேன். நான் இப்படி ஆகிவிட்டேன், என்ன செய்ய?

ஐப்பசியில் பெயர் வைக்கிறோம், நாமகிரிப்பேட்டையில். ஆமாம், திரும்பிப் போகிறேன். பெயரை அத்தைதான் குழந்தையின் காதில் சொல்ல வேண்டும். அவளுக்கு இருக்கிற அத்தை நீ ஒருத்திதான். வா. வரும்போது உங்கள் ஆய்வுக்கூடத்து மீட்டரைக் கொண்டு வா. செல்லமுத்துவின் மீட்டரை இனி வாசல் ஏற விடமாட்டேன். என் கண் முன்னால் உன்னை நீ அளக்க வேண்டும். கை, முடி, துணி, பை எல்லாவற்றையும். எண்ணைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்காது. அதை நீயே படி. படித்துவிட்டு, குழந்தையைத் தூக்கலாமா வேண்டாமா என்று நீயே சொல். நீ சொல்வதுதான்.

சுகன்யா


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
09.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மீட்டரை வெளியே எடுத்துவர எனக்கு இப்போது அனுமதி இல்லை. சாம்பல் அறைக்காரிக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். அதனால் இங்கேயே அளந்துகொண்டேன்.

உடம்பு முழுவதையும் அளக்க எங்களிடம் ஒரு நாற்காலி உண்டு. வேலை செய்கிற எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை அதில் உட்கார வேண்டும். இத்தனை வருடமும் ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்தபடி உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன். நேற்று உட்கார்ந்ததும் சமையல் நினைப்பே வரவில்லை. சாம்பல் அறையில் ஒரு நாள் கையுறை கிழிந்தது ஞாபகம் வந்தது. நீங்கள் எழுதிய அந்தப் பையும் ஞாபகம் வந்தது. உங்களைத் திட்டி எழுதியதெல்லாம் அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாதம் இந்தப் பயத்தோடுதான் இருந்தீர்களா?

எண் வந்தது. யார் உடம்பிலும் இருக்கிற அளவுதான், ஒன்றும் இல்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ தாய்மார்களிடம் நான் சொல்லியிருக்கிற அதே "ஒன்றும் இல்லை". எழுந்து வெளியே போய்க் கையையும் முகத்தையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். கருவி பார்க்கிறவர், "சரியாத்தானே வந்திருக்கு, எதுக்கு?" என்றார். குழந்தையைத் தூக்கலாம் என்று சொல்ல வேண்டியவள் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாவது முறையும் அதே எண்தான் வந்தது.

தூக்கலாம், அண்ணி. புதுத்துணி உடுத்திக்கொண்டு, பை இல்லாமல் வருகிறேன்.

கோகிலவாணி